ஜன்னி: ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்த மூன்று நோய்கள்

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கோயிலின் கதை காவிரிக் கரையில் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரத்னாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பிரசவ நேரம். துணைக்கு வர வேண்டிய தாய் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து கிளம்பிவிட்டாள். ஆனால் காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலியில் துடித்த பெண் சிவபெருமானை நினைத்து அழ, அவரே தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தாராம். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோது பேரக்குழந்தை ஏற்கனவே பிறந்திருந்தது.

தஞ்சைப் பக்கம் வந்தால் பாபநாசத்துக்கு அருகில் வெட்டாற்றங்கரையில் திருக்கருகாவூர். அங்கே இருக்கும் அம்மன் பெயரே கர்ப்பரட்சாம்பிகை, அதாவது கருவைக் காப்பவள். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இன்றும் இங்கிருந்து விளக்கெண்ணெய் பிரசாதம் வாங்கிச் செல்கிறார்கள்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கோயில்கள் ஒரு வரலாற்று உண்மையைச் சொல்கின்றன. மூன்று போகம் விளைந்த நாட்டிலும் பிரசவம் என்றால் பயம்தான். பிள்ளை பெறுவது மறுபிறப்பு என்று பாட்டிமார்கள் சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல. அந்தப் பயத்துக்கு ஒரு பெயரும் இருந்தது. அதுதான் ஜன்னி.

ஒரே பெயர்

"பிள்ளை பெத்த மூணாம் நாள் ஜன்னி கண்டு செத்துப்போனா" என்ற வாக்கியம் பழைய குடும்பக் கதைகள் பலவற்றில் வரும். ஆனால் அது என்ன நோய் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஏனென்றால் ஊரில் ஜன்னி என்ற ஒரே சொல் மூன்று வேறு வேறு நிலைமைகளுக்குப் பயன்பட்டது.

முதலாவது, பிரசவத்துக்குப் பின் கடும் காய்ச்சல் வந்து பிதற்றுவது. இரண்டாவது, நிறைமாதத்திலோ பிரசவத்தின் போதோ பிரசவம் முடிந்த உடனேயோ கை கால் வெட்டி இழுத்து நினைவு தப்புவது. மூன்றாவது, நல்லபடியாகப் பிரசவமாகி ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விழுந்து போவது.

மூன்றையும் குளிர்ந்த காற்று பட்டது, பேய் அடித்தது, கண்ணேறு பட்டது என்று ஒரே காரணத்தில் அடக்கினார்கள். பெயர் ஒன்று என்பதால் வைத்தியமும் ஒன்றுதான்: வேப்பிலை, விபூதி, மந்திரம், கதவு ஜன்னல் அடைத்த அறை. இந்த ஒரு சொல்லை மூன்றாகப் பிரித்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை கிடைத்தது. அந்தப் பிரிவினையின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பிரிந்து போனது காய்ச்சல். 1847ஆம் ஆண்டு வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் குறைகிறது என்று காட்டினார். பிறகு கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 1930களில் சல்ஃபா மருந்துகளும் 1940களில் பென்சிலினும் வந்தன. முதல் ஜன்னி ஒரு தொற்றுநோய் என்று நிரூபணம் ஆனது.

மற்ற இரண்டும் அப்படி அல்ல. அவை மூளையின் ரத்த ஓட்டத்தில் வரும் கோளாறுகள். அதைப் புரிந்துகொள்ள கர்ப்பத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாய்க்காலும் வடிகாலும்

கர்ப்பம் தரித்த பெண்ணின் உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் ஒரு நிமிடத்துக்கு வெளியே தள்ளும் ரத்தமும் 30 முதல் 50 சதவீதம் அதிகரிக்கிறது. இவ்வளவு கூடியும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை, நடு மாதங்களில் கொஞ்சம் இறங்கவே செய்கிறது. காரணம், உடம்பில் உள்ள ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்து கொடுக்கின்றன. தண்ணீர் அதிகம் வந்தாலும் வாய்க்காலை அகலப்படுத்திவிட்டால் கரை தாங்குகிறது அல்லவா, அது போல.

மூளை மட்டும் தனி. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால் மூளையின் சிறு தமனிகள் கல்லணையின் மதகுகளைப் போல வேலை செய்கின்றன. அழுத்தம் ஏறினால் சுருங்குகின்றன, இறங்கினால் விரிகின்றன.

காவிரி டெல்டாவில் பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால். மூளைக்கும் அப்படியே. தமனிகள் ரத்தம் கொண்டு வரும் வாய்க்கால்கள், சிரைகள் வடிகால்கள். இரண்டாவது ஜன்னி வாய்க்காலில் வரும் நோய். மூன்றாவது ஜன்னி வடிகாலில் வரும் நோய்.

மதகு உடையும்போது

இரண்டாவது ஜன்னிக்கு மருத்துவப் பெயர் எக்லாம்ப்சியா. கிரேக்க மொழியில் திடீரென்று பளிச்சிடுவது என்று பொருள். மின்னல் மாதிரி திடீரென வருவதால் இந்தப் பெயர். உண்மையில் பெரும்பாலும் இது முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. அதைப் படிக்கத் தெரியாததால்தான் திடீரென வந்தது போலத் தோன்றியது.

1843ஆம் ஆண்டு லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர், வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். அதில் புரதம் இருந்தது. அடுத்த பெரிய அடி 1896ல். இத்தாலியின் ரிவா ரோச்சி கையில் பட்டை கட்டிக் காற்றடைத்து ரத்த அழுத்தம் அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். 1905ல் ரஷ்யாவின் கொரோட்காஃப் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைச் சேர்த்தார். வலிப்பு வருவதற்கு முன்பே அழுத்தம் ஏறுகிறது என்பது அதன் பிறகு தெளிவானது. இந்த முன்நிலைக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா என்று பெயர்.

பொதுவாக 20 வாரத்துக்குப் பிறகு இது வருகிறது. அழுத்தம் 140/90ஐத் தொட்டால் எச்சரிக்கை, 160/110ஐத் தொட்டால் ஆபத்து. தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது போலத் தெரிவது, பார்வை மங்குவது, மேல் வயிற்றில் வலி ஆகியவை வலிப்பு நெருங்குகிறது என்பதன் அறிகுறிகள். கிராமத்துப் பெண்கள் வேறொன்றையும் கவனித்திருப்பார்கள். வளைகாப்பில் போட்ட வளையல் கழற்ற முடியாமல் இறுகும், மெட்டி விரலில் பதியும், முகம் உப்பும். "நீர் கோத்திருக்கு" என்பார்கள். நிறைமாதத்தில் கால் வீங்குவது பலருக்கும் வருவதுதான். ஆனால் முகமும் கையும் சட்டென்று வீங்கினால் பிரஷர் பார்த்தாக வேண்டும்.

இதற்குக் காரணம் என்ன? பல ஆண்டுகள் இதைக் கருத்துகளின் நோய் என்றே மருத்துவர்கள் கேலியாக அழைத்தார்கள், ஏனென்றால் ஆளுக்கொரு கருத்து. இன்று தெரிந்திருப்பது இது. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொடுக்கும் கருப்பைத் தமனிகள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அகலமாக மாற வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவை ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. இந்தப் புரதங்களில் முக்கியமான ஒன்றை 2003ல் அடையாளம் காட்டிய பாஸ்டன் ஆய்வுக் குழுவின் தலைவர் அனந்த் கருமாஞ்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர் அவர்.

உள்சுவர் கெட்டால் குழாய்கள் விரிந்து கொடுக்காமல் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மூளையின் மதகுகள் தாங்க முடியாமல் திறந்துகொள்கின்றன. ரத்தத்தில் உள்ள நீர் மூளைத் திசுவுக்குள் கசிகிறது. இந்தக் கசிவு மூளையின் பின்பகுதியில்தான் அதிகம். பார்வைக்கான இடம் அங்கேதான் இருக்கிறது. வலிப்புக்கு முன் கண் மங்குவது இதனால்தான். 1996ல் ஸ்கேன் படங்களோடு வந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் கசிந்த நீர் வற்றிவிடும், பார்வை திரும்பிவிடும். கிடைக்காவிட்டால் குழாய் உடைந்து மூளைக்குள் ரத்தம் கொட்டும். எக்லாம்ப்சியாவில் தாய் இறப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்சுவர் ஏற்கனவே கெட்டிருப்பதால் சிலருக்கு அழுத்தம் மிக அதிகமாக ஏறாமலே வலிப்பு வந்துவிடும். ஆகவே எண் குறைவாக இருக்கிறதே என்று தலைவலியை அலட்சியம் செய்யக் கூடாது.

எழும்பூரில் ஒரு மருத்துவர்

வலிப்பு வந்த பிறகு என்ன செய்வது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவின் ஸ்ட்ரோகனாஃப் ஒரு முறையைச் சொன்னார். இருட்டான, சத்தமில்லாத அறை, மார்ஃபின், குளோரல் ஹைட்ரேட். அதாவது மூளையைத் தூங்க வைப்பது. அதற்கு முன் உடம்பில் இருந்து ரத்தத்தை எடுத்தே பல பெண்களைப் பலவீனப்படுத்தியிருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

இங்கேதான் தமிழ்நாடு இந்த வரலாற்றுக்குள் வருகிறது. சென்னையில் 1844ல் தொடங்கப்பட்ட பிரசவ மருத்துவமனை இன்றைய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே பணியாற்றியவர் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன். ஏ. லட்சுமணசாமி முதலியாரோடு சேர்ந்து அவர் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூலை 'முதலியார் மேனன்' என்றே மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

1950களில் பிரான்சில் லபோரி என்ற மருத்துவர் அறுவை சிகிச்சை நோயாளிகளை அமைதிப்படுத்தச் சில மருந்துகளைக் கலந்து கொடுத்தார். மேனன் அந்த யோசனையை எக்லாம்ப்சியாவுக்குக் கொண்டு வந்தார். குளோர்ப்ரோமசின், ப்ரோமெத்தசின், பெத்திடின் என்ற மூன்று மருந்துகள். 1961ல் பிரிட்டிஷ் மகப்பேறு இதழில் தன் அனுபவத்தை எழுதினார். லைட்டிக் காக்டெயில் என்றும் மேனன் முறை என்றும் அது பெயர் பெற்றது. பல ஆண்டுகள் இந்தியா முழுவதும் மருத்துவமனைகளில் இதுவே பழக்கம். சென்னையில் இருந்து உலகப் பாடநூல்களுக்குப் போன ஒரு சிகிச்சை அது.

பேதி உப்பு வென்ற கதை

அதே காலத்தில் வேறொரு மருந்தும் இருந்தது. மெக்னீசியம் சல்ஃபேட். பேதி உப்பு என்று பெட்டிக்கடை வரை தெரிந்த பொருள். டெல்டா விவசாயிகள் பயிர் மஞ்சள் பூத்தால் தெளிப்பதும் இதே உப்புதான். (மருத்துவமனையில் ஊசியாகப் போடுவது சுத்திகரித்த மருந்து. வீட்டில் இதை முயலவே கூடாது.)

1906ல் ஜெர்மனியில் ஒரு மருத்துவர் இதை எக்லாம்ப்சியாவுக்கு முயன்றார். 1920களில் அமெரிக்காவில் ஊசியாகப் போட்டார்கள். 1950களில் டல்லாஸ் நகரின் பிரிட்சர்ட் அளவுகளை ஒழுங்குபடுத்தினார். ஆனால் உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. அமெரிக்கர்கள் உப்பு என்றார்கள். ஐரோப்பியர்கள் டயசிபாம், ஃபெனிட்டாய்ன் போன்ற வலிப்பு மருந்துகளை நம்பினார்கள். இந்தியாவில் பல இடங்களில் மேனன் முறை. ஒவ்வொருவருக்கும் தங்கள் அனுபவமே சாட்சி.

1995ல் அந்தச் சண்டை முடிந்தது. இந்தியா உள்பட வளரும் நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து 1,687 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தின. யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். மெக்னீசியம் பெற்றவர்களுக்கு மீண்டும் வலிப்பு வருவது, டயசிபாம் பெற்றவர்களைவிட 52 சதவீதமும் ஃபெனிட்டாய்ன் பெற்றவர்களைவிட 67 சதவீதமும் குறைவாக இருந்தது. லைட்டிக் காக்டெயிலோடு ஒப்பிட்ட இந்திய ஆய்வுகளிலும் உப்பே ஜெயித்தது. 2002ல் 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, ப்ரீ-எக்லாம்ப்சியா நிலையிலேயே இதைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று காட்டியது.

இதனால் மேனன் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. அவர் காலத்தில் இருந்ததைவிட நல்லதை அவர் கொடுத்தார். அதைவிட நல்லது வந்தபோது அது வழிவிட்டது. சொந்த ஊர்க்காரரின் பெயரில் உள்ள முறையை அதே ஊர் மருத்துவர்கள் கைவிட்டது அவமானம் அல்ல. அறிவியல் அப்படித்தான் நடக்க வேண்டும்.

இந்த மருந்தைக் காக்கும் காவலும் எளிமையானது. முழங்காலில் சுத்தியால் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவு மீறினால் கால்சியம் குளுக்கோனேட் மாற்று மருந்து. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கவனமான ஓர் ஆள் வேண்டும்.

வடிகால் அடைபடும்போது

மூன்றாவது ஜன்னியை அடையாளம் காண இன்னும் அதிக காலம் பிடித்தது. பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை பெறுகிறது. பிரசவத்துக்குப் பின்னும் சில வாரங்கள் அந்தத் தன்மை நீடிக்கிறது. உயிர் காக்கும் இந்த ஏற்பாடே சிலருக்கு மூளையின் சிரைகளில் ரத்தத்தை உறைய வைத்துவிடுகிறது. வடிகால் அடைத்தால் வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகுவது போல, மூளையில் ரத்தம் தேங்கி வீங்குகிறது. தலைவலி, வலிப்பு, பக்கவாதம், சில சமயம் பிதற்றல்.

பிரசவத்தோடு வரும் இந்த நோய் மேலை நாடுகளைவிட இந்தியாவில் அதிகம் பதிவாகியிருந்தது. 1983ல் கே. சீனிவாசன் என்ற நரம்பியல் மருத்துவர் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக் குழாய் அடைத்த 135 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

ஏன் இங்கே அதிகம்? ரத்தசோகை, தொற்று ஆகியவற்றோடு சந்தேகிக்கப்பட்ட இன்னொரு காரணம் பத்தியம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பல வீடுகளில் தாகத்துக்குக்கூட அளந்துதான் கொடுத்தார்கள். ஏற்கனவே உறையத் தயாராக இருக்கும் ரத்தம் நீர் குறைந்தால் இன்னும் கெட்டியாகும். பூண்டுக் குழம்பும் பால்சுறாவும் கொடுத்துப் பார்த்துப் பார்த்துச் செய்த அதே அன்பான கைகள்தான் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தன. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, தெரியாமல் செய்தார்கள்.

மண்டைக்குள் ரத்தக் கசிவும் சேர்ந்தே இருப்பதால் உறைவைத் தடுக்கும் மருந்து கொடுக்க மருத்துவர்கள் பயந்தார்கள். 1991ல் ஜெர்மனியில் வெறும் 20 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஹெப்பாரின் பெற்றவர்கள் தெளிவாகத் தேறினார்கள். பிறகு அதுவே வழக்கமான சிகிச்சை ஆனது. ஸ்கேன் வசதி பரவியதும் பேய் பிடித்தது என்று சொல்லப்பட்ட பல பெண்களின் மூளைச் சிரையில் உறைந்த ரத்தம் கண்ணுக்கே தெரிந்தது.

ஆற்றைக் கடப்பது

நோய் தெரிந்து மருந்தும் இருந்தால் போதுமா? போதாது. 1994ல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

டெல்டாவில் இரண்டாவது தாமதத்தை விளக்கவே வேண்டாம். காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எங்கு பார்த்தாலும் ஆறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர்கள் தீவு மாதிரி ஆகிவிடும். கூண்டு வண்டியிலோ கயிற்றுக் கட்டிலிலோ தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்குக் கொண்டு வருவதற்குள் எத்தனை முறை வலிப்பு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த மருத்துவமனைதான் இன்றும் தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு மருத்துவமனையாகச் சுற்று வட்டாரத்துக்கே கடைசி நம்பிக்கையாக இருக்கிறது.

மாற்றம் படிப்படியாக வந்தது. புதுக்கோட்டையில் பிறந்து 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் 1987ல் தொடங்கியது. 1990களில் இருந்து ஒவ்வொரு தாயின் மரணமும் ஏன் நடந்தது என்று விசாரிக்கும் முறை தமிழ்நாட்டில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கின. கிராம சுகாதார செவிலியர் பிரஷர் பார்த்து அட்டையில் குறித்தார். 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2001-03ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 97.

54 என்பது நல்ல எண்தான். ஆனால் அது பூஜ்யம் அல்ல. ரத்த அழுத்தத்தால் இன்றும் தாய்மார்கள் இறக்கிறார்கள். அதிலும் பிரசவம் முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நாட்களிலும் வலிப்பு வரலாம். பிரசவமான வீட்டில் "தலை வலிக்குது" என்று அவள் சொன்னால், தூக்கம் இல்லாததால் இருக்கும் என்று விட்டுவிடாமல் பிரஷர் பார்ப்பதும், தாகம் என்றால் தண்ணீர் கொடுப்பதும் எந்த வீட்டிலும் முடிகிற காரியம்.

ரத்னாவதியின் தாய்க்கு அன்று ஆற்றைக் கடக்க வழி இல்லை, கடவுளே வர வேண்டியிருந்தது. இன்று ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, ஊர் எல்லையில் சுகாதார நிலையம் இருக்கிறது. மீதி இருப்பது அந்த முதல் தாமதம் மட்டும்தான். அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.